கடைசி அத்தியாயத்தில் பேசாதவள்

ஒரு புத்தகத்தை முடித்த கையோடு அதைப் பற்றி யாரிடமாவது வாதாடித் தீர்க்காவிட்டால் படித்தது செரிக்காது என்கிற வியாதி எனக்கு அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம்கூட ஒரு நாவலை முடித்துவிட்டு, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழியை அவளுடைய தேநீர் ஆறிப்போகும்வரை பிடித்து வைத்துக்கொண்டேன். கதாநாயகன் ஊருக்குத் திரும்பியதே எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, திரும்பி வந்தவனை வரவேற்கக் கூடியவர்களில் ஒருவர்கூட அவன் ஏன் போனான் என்று கேட்கவில்லை என்பதுதான் தாங்கவில்லை. கதைதானே, விடு என்றாள் தோழி. விட முடிந்தால் விட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு கதையை விடாமல் பிடித்துக்கொண்டேன், அதனால் எங்கள் வீட்டில் நடந்தது அப்படி.

அத்தை என்றால் நைனாவின், அதாவது என் அப்பாவின், கடைசித் தங்கை. இருவருக்கும் வயது இடைவெளி அதிகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அவளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் நைனாதான். அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிப் போனவள் பொங்கல் முடிந்து ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த நாலு நாள் தை முடிந்து மாசியிலும் நீண்டுகொண்டே போனது.

நைனா மணிலா வியாபாரி; எங்கள் பக்கம் வேர்க்கடலையை மணிலா என்போம். மார்க்கெட் கமிட்டிக்கு வருகிற மூட்டைகளில் கையை விட்டுக் கொட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். தங்கை விஷயத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மாப்பிள்ளை அடிக்கிறாரா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னார். இல்லை என்றாள் அத்தை. குடிக்கிறாரா? அதுவும் இல்லை. வேறு பெண் சகவாசம்? சேச்சே. அப்புறம் என்ன கஷ்டம் என்றதற்கு அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாளாம். கொஞ்ச நாளில் கோபம் தணிந்து தானே போய்விடுவாள் என்று நைனா முடிவு கட்டினார்.

அத்தை போகவில்லை. படிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் பெரிய வாசகி. ஆனால் ஊர் மாறிப் போனதில் கிளை நூலகத்தில் அவளுடைய உறுப்பினர் அட்டை காலாவதியாகியிருந்தது. அதனால் என் அட்டையில் எடுத்தோம். சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் வழியில் நான் நூலகத்துக்குப் போய், அத்தை சொன்ன மாதிரி தடிமனான நாவலாகப் பார்த்து எடுப்பேன். ஜன்னல் வழியாக ராஜகிரி மலை தெரியும் மேஜையில் உட்கார்ந்திருக்கும் நூலகர், புத்தகத்தின் கனத்தையும் என் உயரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பிலேயே இவ்வளவு பெரிய நாவல் படிக்கிற பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் பரவிவிட்டது. வந்த பெயரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நானும் அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

வாதம் நடக்கும் இடம் எங்கள் மொட்டை மாடி. அங்கே மணிலா காயப்போட்டிருக்கும். கோட்டைப் பக்கத்துக் குரங்குகள் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அத்தை ஒரு குச்சியோடு எனக்குத் துணைக்கு வருவாள். புத்தகத்தை அவள் முதலில் முடிப்பாள், நான் பின்னால் முடிப்பேன். முடித்ததும் என்னிடம் கேட்பாள். நான் உற்சாகமாகக் கதையைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

"கதையச் சொல்லாத. கதை எனக்கும்தான் தெரியுமே. நீ இன்னா நெனச்ச, அதச் சொல்லு."

நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்த வயது அது. ஆனாலும் யோசித்து யோசித்து எதையாவது கண்டுபிடிப்பேன். ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது என்று பெருமையடித்தேன். அத்தைக்கு அந்தத் துப்பறிகிறவரையே பிடிக்கவில்லை. அந்த ஆள் முழுக்கதையிலும் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை, பசிக்காத மனுஷனை எப்படி நம்புவது என்றாள். ஒரு சரித்திர நாவலில் மலைக்கோட்டையைச் சுற்றி ஆறு சலசலத்து ஓடியது. எழுதினவர் செஞ்சிப் பக்கம் பஸ்ஸில்கூடப் போனதில்லை என்று சிரித்தாள். அவர் எழுதியது நம் ஊர்க் கோட்டையே இல்லை என்று நான் பக்கத்தைப் புரட்டிக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. தோற்றால் அத்தைக்கு முகம் சுருங்கிப் போகும். அன்றைக்கு இரவு எனக்குத் தலை பின்னிவிட மாட்டாள். வயதில் பெரியவள் என்று விட்டுக்கொடுப்பதெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. மேலட்டையும் முதல் சில பக்கங்களும் போய், நூலகத்தில் கெட்டி அட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். கணவனோடு மனக்கசப்பில் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிற ஒரு பெண்ணின் கதை. கடைசி அத்தியாயத்தில் இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி அவளைத் திரும்ப அழைத்துப் போகிறார்கள். அன்றைக்குக் கார்த்திகை தீபம். வாசல் நிறைய அகல் விளக்கு. அவள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வருகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு அழகான முடிவை அதுவரை நான் படித்ததில்லை.

மாடியில் அத்தையிடம் அதைச் சொன்னேன். அவள் மணிலாவைக் காலால் பரப்பிக்கொண்டே, எழுதினவருக்குக் களைப்பாகிவிட்டது, சீக்கிரம் கடையைக் கட்டிவிட்டார் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள், உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

"அவ சந்தோஷமா இருக்கான்னு யாரு சொன்னா?"

"புத்தகத்துலயே இருக்குது."

"காட்டு. அவ வாயால சொன்ன எடத்தக் காட்டு. நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிறேன்."

இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதி நெருங்கியிருந்தது. நூலகரிடம் போய் நீட்டித்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சனிக்கிழமை காலை மாடியில் தனியாக உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை வரிவரியாகப் படித்தேன். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடக் கூடாது. அதனால் ஒரு வழி செய்தேன். யார் பேசினாலும் அவர்கள் பேருக்கு ஒரு மணிலா எடுத்துத் தரையில் வைப்பது. மாமியாருக்கு ஒரு குவியல், கணவனுக்கு ஒரு குவியல், இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தனித்தனிக் குவியல். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சின்னக் குவியல் சேர்ந்தது. எல்லாரும் வாயைத் திறந்தால் அவளைப் பற்றியேதான் பேசினார்கள். அவள் எவ்வளவு நல்லவள், எப்படிக் குடும்பத்துக்கு விளக்கு, இனி எவ்வளவு சந்தோஷமாக இருப்பாள் என்று. நடுவில் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிற பால்காரனுக்கும் ஒரு கொட்டை கிடைத்தது.

அவளுக்கு என்று நான் ஒதுக்கிய இடத்தில் ஒன்றும் இல்லை.

எங்கோ தவறவிட்டுவிட்டேன் என்று திரும்பவும் முதலிலிருந்து வைத்தேன். கண் எரிய எரியத் தேடினேன். அவள் தலைகுனிந்தாள், புன்னகைத்தாள், கண்ணைத் துடைத்தாள், விழுந்து கும்பிட்டாள். பேசவேயில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு பேரைப் பேசவைத்தவர் இவளுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேனே. எல்லாக் குவியலையும் உடைத்துத் தின்றுவிட்டுக் கீழே இறங்கினேன். தோற்றதை ஒத்துக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் இறங்கினேன். ஆனால் அத்தை உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவலூர்பேட்டையிலிருந்து அத்தையை அழைத்துப் போக வருகிறார்கள் என்பது எனக்குக் காலையில்தான் தெரியும். நைனா ஏற்பாடு. அத்தையின் புடவைகளை அம்மா மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை தடுக்கவும் இல்லை, உதவி செய்யவும் இல்லை. சமையலறைக்குப் போய் அப்பளம் பொரிக்க ஆரம்பித்தாள். எங்களுடையது ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதனால் விருந்துக்கான வேலையெல்லாம் அவசரம் அவசரமாக நடந்தது.

மூன்று பேர் காரில் வந்தார்கள். மாமா, அவருடைய அம்மா, பேசுவதற்காக அவருடைய பெரியப்பா. மாமா சிவப்பாக, சட்டை கசங்காமல், நல்ல அழகாக இருப்பார். எனக்கு எப்போதும் சாக்லேட் வாங்கி வருவார். அன்றும் வாங்கி வந்திருந்தார். நான் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்ததால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் பேசுவது நன்றாகக் கேட்டது.

பெரியப்பாதான் பேசினார். நல்ல குரல். பெண் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வருவதும் போவதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்றார். அவள் எவ்வளவு பொறுமைசாலி, அவள் வந்த பிறகு கடை எப்படி ஓடியது என்றெல்லாம் சொன்னார். மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடே இருண்டு கிடக்குது என்றாள். நைனாவும் அவர்கள் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வார்த்தைகளை எல்லாம் நேற்றுத்தான் நான் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துக் குவித்திருந்தேன். இவர்களும் அதே புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கடைசியில் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பழசெல்லாம் வுட்டுடலாம். இனிமே அவளும் சந்தோஷமாத்தான் இருப்பா" என்றார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"அது யாருக்கும் தெரியாது தாத்தா. அவங்க எங்கயுமே சொல்லல. நான் ரெண்டு தடவ தேடிட்டேன். கடைசி அத்தியாயத்துல எல்லாரும் பேசறாங்க, பால்காரன்கூட பேசறான். அவங்க மட்டும் ஒரு வார்த்த பேசல."

பெரியப்பா நைனாவைப் பார்த்தார். நைனா என்னை முறைத்தார். கதைப் புத்தகம் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அம்மா வந்து காதைப் பிடித்துத் திருகி இழுத்தாள். வாசற்படிவரைக்கும் இழுத்தவள் என்ன நினைத்தாளோ, காதை விட்டாள். அத்தை எப்போது கிளம்புவாள் என்று ஒரு மாதமாக நைனாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாதான். அவள் திரும்பி நைனாவிடம் சொன்னாள்.

"அவள ஒரு வார்த்த கேளுங்க."

நைனா சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, நீ இன்னாம்மா சொல்ற என்று கேட்டார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு அத்தை வெளியே வந்து தூணருகில் நின்றாள். அவள் குரல் எனக்கு வாதாடும்போது தெரிந்த குரல் அல்ல, மெதுவாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. போன ஆடியில் மாமா வேண்டாமென்று சொல்லியும் திருவண்ணாமலைக்குப் போய் பி.எட். பரீட்சை எழுதினாள். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. உப்பு குறைந்தால் தன் அம்மாவிடம் சொல்வார். சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டு, மாத்திரை போட்டாளா என்று அம்மாவிடம் கேட்டார். இதையெல்லாம் ஒரு கஷ்டமென்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடித்தாலாவது காட்டலாம்.

பெரியப்பா, சின்ன வயசு, வீம்பு, எல்லாம் சரியாகிவிடும் என்று தொடங்கினார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. நேராக மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இவங்க யாரும் பேச வேணாம். நீங்க என்னப் பாத்து வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பை ரெடியா இருக்குது. இப்பவே கெளம்பறேன்."

எல்லோரும் மாமாவையே பார்த்தோம். அவர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வர்றதா இருந்தா பைய எடுத்துக்கினு வரச் சொல்லு. கார்காரன் காத்துக்கினு இருக்கான்."

மாமியார் பழக்கதோஷத்தில் அத்தையிடம் திரும்பி, "கெளம்புமா, பைய..." என்று ஆரம்பித்துவிட்டாள். பாதியில் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பெரியப்பா தரையைப் பார்த்தார்.

நைனா எழுந்தார். சத்தம் போடவில்லை. கமிட்டியில் விலை சொல்லும்போது வருமே, அந்தக் குரல்.

"பொழுது சாயுது. எல போட்டுட்டாங்க, சாப்ட்டுக் கெளம்புங்க. என் தங்கச்சி இங்கதான் இருப்பா."

அவர்கள் சாப்பிடவில்லை. கார் தெருமுனையில் திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பையைத் திறந்து, காலையில் மடித்த புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். அத்தை அதற்கும் உதவவில்லை. ஆனால் இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஊர் பேசியது. சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்குக் கூப்பிடும்போது அவள் பெயரைத் தவிர்த்தார்கள். பரீட்சையில் ஒரு தாளில் தவறியிருந்ததைத் திரும்ப எழுதினாள். அனந்தபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, பல வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்து, பிறகு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து இப்போது தளவானூர்ப் பக்கம் இருக்கிறாள். வழக்கும் விவாகரத்தும் தனிக் கதை. இன்றைக்கும் நாங்கள் ஒரே புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் சண்டை போடுகிறோம். தோற்றால் இப்போதும் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு ஒரே மனக்குறை. அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தையிடம் நான் தோற்றுவிட்டேன் என்று சொன்னதற்கு, அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாளே தவிர, ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அம்மா எனக்கு மட்டும் இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள். காதைத் திருகியதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா மட்டும் சாப்பிடாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்துத்தான் போனேன். அவர் நாற்காலியில் கிடந்த புத்தகத்தைக் கையிலெடுத்து, எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, இதைத்தான் சொன்னாயா என்றார். தினசரியில் மார்க்கெட் நிலவரத்தைத் தவிர அவர் வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை. கடைசி அத்தியாயத்தைப் புரட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல அந்தப் பொண்ணுக்கு அண்ணன் யாராவது வர்றானா?"

வருகிறான் என்றேன். ஒரு பக்கம்தான் வருகிறான், ஆனால் நிறையப் பேசுகிறான்.

"இன்னா சொல்றான்? படி, கேப்போம்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஒருவர் கேட்டாரே. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று, அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன். அண்ணன் தங்கையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை வருகிறான். உனக்கு நல்லதுதான் செய்வேன் என்று உனக்குத் தெரியாதா என்கிறான். எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுக்கிறான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. அவன் பாரம் இறங்கிய நிம்மதியோடு வீட்டுக்கு நடக்கிறான். ஒரு எழுத்துப் பிழையில்லாமல், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி வாசித்து முடித்தேன்.

நைனா எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு போனவள், பாதி வழியிலேயே நின்று திரும்பி வந்துவிட்டாள். அவ்வளவு நேரம் கழுவ முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்ததற்கு ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த வருத்தமெல்லாம்.